லேசர் வந்து சேரும்போது அந்த மேடு அங்கே இருக்குமா?

கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் ஈ.கோலை பாக்டீரியாவைப் பூசி, அதை லேசரால் சுட்டால் என்ன ஆகும்? விளையாட்டுக் கேள்வி இல்லை. மும்பையில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கிருஷ்ணமூர்த்தி, ரவீந்திர குமார் குழுவினர் உண்மையிலேயே செய்து பார்த்து 2012-ல் வெளியிட்ட சோதனை இது. வழவழப்பான வெறும் கண்ணாடியைச் சுட்டால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக, ஆற்றல் கூடிய எக்ஸ் கதிர்கள் பாக்டீரியா பூசிய கண்ணாடியிலிருந்து வந்தன.

எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது? வேகமாக ஓடும் எலக்ட்ரான் திடப்பொருளுக்குள் புகுந்து பிரேக் போடும்போது இழக்கிற ஆற்றல்தான் எக்ஸ் கதிராக வெளியே வருகிறது. பழைய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாயிலும் இதே கதைதான். ஆக, எக்ஸ் கதிர் கூடினால் வேகமான எலக்ட்ரான்கள் கூடியிருக்கின்றன என்று அர்த்தம். பாக்டீரியாவில் அப்படி என்ன ரசாயனம் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. சோதனை செய்தவர்கள் கை காட்டியது அதன் உருவத்தை. வழவழப்பான பரப்பில் மைக்ரான் அளவு மேடுகள் வந்துவிட்டன, அவ்வளவுதான்.

ஒரு பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்பது எலக்ட்ரானின் ஆற்றலை இவ்வளவு மாற்றுமா? மாற்றும். ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. அந்த நிபந்தனையைப் பத்தித்தான் இந்தக் குறிப்பு. இந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட விஷயமும் அதுதான்.

முதலில் அளவுகள். உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் சூரிய ஒளி சுமார் 0.1 வாட். நாம் பேசுகிற லேசர்களின் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁸ வாட், அதற்கும் மேலே. இதற்காக ஊருக்கே மின்சாரம் தரும் நிலையம் வேண்டாம். 1 ஜூல் ஆற்றலை 30 ஃபெம்டோசெகண்டுக்குள் அடைத்து, 10 மைக்ரான் அகலப் புள்ளியில் குவித்தால் 10¹⁹-ஐத் தாண்டிவிடும். ஒரு ஃபெம்டோசெகண்ட் என்பது ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைப்பது. இப்படி ஒளியைச் சுருக்கும் வழியை 1985-ல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் கண்டுபிடித்தார்கள். 2018-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

10¹⁸ வாட் செறிவில் ஒளியின் மின்புலம் மீட்டருக்கு 2.7 லட்சம் கோடி வோல்ட். ஹைட்ரஜன் அணு தன் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கிற மின்புலத்தைப் போல் இது சுமார் 5 மடங்கு. எந்தப் பொருளாக இருந்தாலும் கண நேரத்தில் அணுக்கள் பிய்ந்து பிளாஸ்மா ஆகிவிடும். அதில் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் ஆட ஆரம்பிக்கும்.

ஆடுகிறது, சரி. ஆனால் ஆடுவது வேறு, ஆற்றல் பெறுவது வேறு. கடலில் மிதக்கிற காலி பாட்டிலைப் பாருங்கள். அலை வரும்போது மேலே போகும், கொஞ்சம் முன்னால் நகரும், அலை போனதும் பழையபடி சும்மா மிதக்கும். வெற்றிடத்தில் இருக்கும் எலக்ட்ரானும் ஒளி அலைக்கு நடுவில் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒளி எவ்வளவு பலமாக இருந்தாலும், ஒரு சீரான அலை முழுசாகக் கடந்து போனபின் எலக்ட்ரான் கையில் எதுவும் மிஞ்சாது. முதல் பாதி கொடுத்ததை அடுத்த பாதி வாங்கிக்கொள்ளும். எலக்ட்ரானுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் இந்தக் கொடுக்கல் வாங்கலை யாராவது நடுவில் அறுத்துவிட வேண்டும்.

அந்த வேலையைச் செய்வதுதான் பரப்பு. ஒளி திடப்பொருளின் உள்ளே போக முடியாது. மேலே ஒரு மெல்லிய தோல் அளவுக்குத்தான், சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரைதான் நுழையும். ஒளியின் மின்புலம் ஓர் எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து வெளியே இழுக்கிறது என்று வையுங்கள். அரை அலை கழிந்து புலம் திசை மாறுகிறது. இப்போது எலக்ட்ரானை உள்ளே தள்ளுகிறது. வேகமாகத் திரும்பி வரும் எலக்ட்ரான் பரப்பைத் தாண்டி உள்ளே போய்விட்டால், ஒளியால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. கொடுத்த கடனை வசூல் பண்ண முடியாமல் ஒளி வாசலிலேயே நின்றுவிடும். 1987-ல் புருனெல் விளக்கிய வழி இது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எலக்ட்ரானை வெளியே இழுக்க வேண்டுமென்றால், ஒளியின் மின்புலம் பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சமதளப் பரப்பின் மேல் ஒளி நேராக விழுந்தால் அதன் மின்புலம் பரப்பை ஒட்டிப் படுத்திருக்கும், இழுக்காது. இலக்கைச் சாய்த்து வைத்து, மின்புலத்தின் திசையையும் பார்த்து அமைத்தால்தான் புருனெல் வழி வேலை செய்யும். செறிவு மிக அதிகமானால் ஒளியின் காந்தப்புலமும் சேர்ந்து எலக்ட்ரானை முன்னால் தள்ள ஆரம்பிக்கும். அப்போது நேராக விழும் ஒளியும் வேலை செய்யும். அது இருக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது, ஒளியின் திசைக்கும் பரப்பின் திசைக்கும் உள்ள உறவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது. அப்படியென்றால் பரப்பில் ஒரு மேட்டை வைத்தால்? மேட்டின் ஒவ்வொரு பக்கமும் வெவ்வேறு திசையைப் பார்க்கும். எங்கோ ஓர் இடத்தில் மின்புலம் செங்குத்தாக அமைந்தே தீரும்.

அதோடு மேட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கோயில் கோபுரத்து இடிதாங்கியைக் கூராகச் செய்வது ஏன்? கூரான முனையில் மின்புலம் குவியும். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய உலோக உருண்டை ஒன்றின் துருவத்தில் மின்புலம், வெளியே இருப்பதைப் போல் 3 மடங்கு வரை போகும். செறிவு புலத்தின் இருமடி என்பதால் அது 9 மடங்கு. உருண்டையை நீட்டி முட்டை வடிவமாக்கினால் முனையில் இன்னும் கூடும். மேலே சொன்ன அதே மும்பை ஆய்வகத்தில் 2003-லேயே தாமிர நானோதுகள் பூசிய இலக்கை வைத்து இதைக் காட்டினார்கள். 10¹⁴ முதல் 10¹⁵ வாட் செறிவு, 100 ஃபெம்டோசெகண்ட் துடிப்பு. எக்ஸ் கதிர் 13 மடங்கு கூடியது. லேசரைப் பெரிதாக்காமல், பூச்சை மட்டும் மாற்றிக் கிடைத்த லாபம்.

இதுவரை கதை சுகமாக இருக்கிறது இல்லையா? அப்படியே 10¹⁹-க்கு ஏற்றிக்கொண்டு போனால் லாபமும் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் தோன்றும். இங்கேதான் நான் முதலில் சொன்ன நிபந்தனை வருகிறது. லேசரின் உச்சம் வந்து சேரும் கணத்தில், நாம் செதுக்கி வைத்த மேடு அங்கே இருக்க வேண்டும்.

லேசர் துடிப்பு என்றால் திடீரென்று தோன்றி மறையும் சுத்தமான மின்னல் என்று நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் அது தேர் வருவது மாதிரி. தேர் வருவதற்கு ரொம்ப முன்னாடியே கூட்டம் வந்துவிடும். முக்கியத் துடிப்புக்கு ஒரு நானோசெகண்ட் முன்பிருந்தே மங்கலான ஒளி கசிந்துகொண்டிருக்கும், நடுநடுவே சின்னச் சின்ன முன்துடிப்புகளும் வரும். உச்ச ஒளிக்கும் இந்த முன்கசிவுக்கும் உள்ள விகிதத்தைக் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். 10⁶ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் முன்னால் கசிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சம் 10¹⁹ வாட்டாக இருந்தால் கசிவு 10¹³ வாட்! ஒரு பரப்பை உருக்கி, ஆவியாக்கி, பிளாஸ்மாவாக்க அதுவே தாராளம்.

பிளாஸ்மா ஆனதும் பரப்பு சும்மா இருக்காது, வீங்கும். நொடிக்கு 1 லட்சம் மீட்டர் வேகத்தில் விரிகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பிகோசெகண்டில், அதாவது 1000 ஃபெம்டோசெகண்டில், 100 நானோமீட்டர். ஒரு நானோசெகண்டில் 100 மைக்ரான். 30 ஃபெம்டோசெகண்ட் துடிப்பு நடக்கும் நேரத்துக்குள் வெறும் 3 நானோமீட்டர்தான்.

இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு கதையை மறுபடி பாருங்கள். முன்கசிவே இல்லாவிட்டால், துடிப்பு முடியும்வரை 100 நானோமீட்டர் துகள் கிட்டத்தட்ட தன் உருவத்திலேயே நிற்கும். பரப்பு ஒரே ஒரு பிகோசெகண்ட் முன்னால் பிளாஸ்மா ஆகிவிட்டாலும் அந்தத் துகள் கலங்கிப்போகும். ஒரு நானோசெகண்ட் முன்னாலேயே கரைந்துவிட்டால் துகள், கம்பி, பள்ளம் எல்லாம் போய், எந்த உருவமும் இல்லாத ஒரு பிளாஸ்மா மூட்டம்தான் மிச்சம். லட்ச லட்சமாய்ச் செலவழித்து நானோ வடிவம் செய்த இலக்கும், பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தகடும் லேசருக்கு ஒன்றுதான். மைக்ரான் அளவு மேடு கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அது கலையப் பத்து பிகோசெகண்ட் போல ஆகும். நானோ அளவு நகாசு வேலை அவ்வளவு பொறுக்காது.

அதனால் இந்தத் துறையில் பாதி உழைப்பு இலக்கைச் செதுக்குவதில் இல்லை, லேசரைச் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. இரண்டு தந்திரங்கள் எனக்குப் பிடித்தவை. ஒன்று, பிளாஸ்மா கண்ணாடி. ஒளியைப் பிரதிபலிக்காத பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டை வழியில் சாய்த்து வைக்கிறார்கள். முன்னால் வரும் மங்கல் ஒளி அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். உச்சம் நெருங்கும்போது அதன் முன்விளிம்பே கண்ணாடியின் மேற்பரப்பைப் பிளாஸ்மா ஆக்கிவிடும். பிளாஸ்மா ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால் உச்சத் துடிப்பு மட்டும் பிரதிபலித்து இலக்குக்குப் போகும். பெரியவர் வரும்போது மட்டும் தானே திறந்துகொள்ளும் கதவு. கான்ட்ராஸ்ட் சுமார் 100 மடங்கு கூடும். இன்னொரு தந்திரம், படிகம் ஒன்றின் வழியாக ஒளியை அனுப்பி அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குவது. இந்த மாற்றம் பலமான ஒளியில்தான் நன்றாக நடக்கும். மங்கல் ஒளி மாறாமல் நின்றுவிடும், அதை வடிகட்டிவிடலாம்.

இந்தச் சுத்தம் கைக்கு வந்த பிறகுதான் பரப்பின் வடிவத்தை வைத்து நிஜமாக விளையாட முடிந்தது. அதில் மிக அழகானது என்று எனக்குத் தோன்றுவது கிரேட்டிங் சோதனை. குறுந்தகட்டில் வானவில் தெரியுமே, அதுபோல ஒழுங்கான வரிப்பள்ளங்கள் கொண்ட பரப்பு.

உலோகத்தின் மேலும் பிளாஸ்மாவின் மேலும் பரப்பை ஒட்டியே ஓடும் ஒருவகை அலை உண்டு. பரப்பு பிளாஸ்மான் என்று பெயர். அதன் மின்புலத்தின் ஒரு பகுதி ஓடும் திசையிலேயே இருக்கும். எனவே கூடவே ஓடும் எலக்ட்ரானை அது தொடர்ந்து தள்ளிக்கொண்டே போகலாம். மிதக்கிற பாட்டிலாக இருந்த எலக்ட்ரான் இப்போது பலகை வைத்து அலைமேல் சறுக்குகிற ஆள் ஆகிவிடும். ஆனால் சமதளப் பரப்பில் லேசரால் இந்த அலையைக் கிளப்ப முடியாது. கடற்கரையில் சாய்வாக வரும் அலையைக் கவனித்திருக்கிறீர்களா? அலை கரையைத் தொடும் புள்ளி, கரையோரமாக, அலையைவிட வேகமாக ஓடும். அதே மாதிரி சாய்வாக விழும் ஒளி பரப்பைத் தொடும் இடம் ஒளியைவிட வேகமாக ஓடுகிறது. பரப்பு அலையோ ஒளியைவிடச் சற்று மெதுவாகத்தான் போகும். இரண்டும் கைகோக்கவே முடியாது.

பள்ளங்கள் இதைச் சரிசெய்கின்றன. அடுத்தடுத்த பள்ளங்களுக்கு இடையே இரண்டு அலைநீளத் தூரம் என்று வையுங்கள். ஒளி 30 டிகிரி சாய்வில் விழுகிறது. இரண்டாவது பள்ளத்தை ஒளி முதல் பள்ளத்தைவிட ஓர் அலைநீளம் தாமதமாகத் தொடும், ஏனென்றால் 30 டிகிரியின் சைன் மதிப்பு அரை. இரண்டில் பாதி ஒன்று. முதல் பள்ளத்தில் கிளம்பிய பரப்பு அலை இரண்டாவது பள்ளத்துக்கு வந்துசேர இரண்டு அலைநீளத் தூரம் ஓட வேண்டும். வித்தியாசம் சரியாக ஓர் அலைநீளம். அதாவது முகடும் முகடும் ஒன்றாகச் சேரும். ஒவ்வொரு பள்ளமும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற கை. சாய்வை மாற்றினால் தாளம் தப்பிவிடும்.

பீசாவைச் சேர்ந்த ஆன்ட்ரியா மாக்கி, லூகா ஃபெடெலி முதலானோர் பாரிஸ் அருகே இருக்கும் சாக்லே ஆய்வகத்தின் லேசரில் இதைச் செய்து 2016-ல் வெளியிட்டார்கள். செறிவு 10¹⁹ வாட்டுக்கு மேல், கான்ட்ராஸ்ட் 10¹². அதாவது கசிவு சில கோடி வாட்தான். நானோசெகண்ட் நேரத்துக்கு அதைப் பரப்பு தாங்கிக்கொள்ளும். சரியான சாய்வில் வைத்தபோது எலக்ட்ரான்கள் பரப்பை ஒட்டிய ஒரு குறுகிய கூம்புக்குள் பாய்ந்தன. ஆற்றல் 1 கோடி எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டியது. சமதள இலக்கோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையும் அதிகம், ஆற்றலும் அதிகம். மேடு வைத்தால் எலக்ட்ரான் கூடும் என்பது பழைய செய்தி. எந்தத் திசையில் போகவேண்டும் என்பதையும் பரப்பின் வடிவமே தீர்மானிக்கிறது என்பதுதான் இதில் புதுசு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஹே ரோக்கா குழு வேறு வழியில் போனது. சில பத்து நானோமீட்டர் தடிமன், சில மைக்ரான் நீளம் உள்ள கம்பிகளைப் புல்வெளி போல நெருக்கமாக நட்டு வைத்தார்கள். ஒளி பரப்பிலேயே நின்றுவிடாமல் கம்பிகளின் இடைவெளி வழியாக ஆழமாக உள்ளே இறங்கும், பக்கங்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கும். கம்பிகள் வீங்கி இடைவெளி மூடுவதற்குள் வேலை முடிய வேண்டும். அதற்காகத்தான் அதிர்வெண் இரட்டித்த, மிகச் சுத்தமான துடிப்பைப் பயன்படுத்தினார்கள். 2013-ல் வெளிவந்த முதல் சோதனைக்குத் தேவைப்பட்டது அரை ஜூல் லேசர்தான். 2018-ல் இதே குழு, டியூட்டீரியம் கலந்த பாலித்தீன் கம்பிகளைச் சுட்டு, சமதள பாலித்தீனைவிட 500 மடங்கு நியூட்ரான்கள் எடுத்தது. அங்கே இணைவது அயனிகள்தான். ஆனால் ஆற்றலை முதலில் வாங்குவது எலக்ட்ரான்.

இனி, சுத்தம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜப்பானின் ஒசாகாவில் அணுக்கரு இணைவுக்காகச் செய்த சோதனை. எரிபொருள் உருண்டையைப் பெரிய லேசர்களால் அமுக்கி, பிறகு இன்னொரு குறுந்துடிப்பால் எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பற்றவைக்கிற யோசனை. சுற்றிலும் இருக்கும் பிளாஸ்மாவைத் தாண்டி அந்தக் குறுந்துடிப்பு உள்ளே போக, உருண்டைக்குள் ஒரு தங்கக் கூம்பைச் செருகினார்கள். ஐஸ்கிரீம் கோன் மாதிரி, கூர்முனை உள்ளே. கோதமா என்பவர் தலைமையில் 2001-ல் வெளிவந்த முடிவும் அடுத்த வருடம் வந்த முடிவும் பெரிய உற்சாகத்தைக் கிளப்பின. நியூட்ரான் எண்ணிக்கை 1000 மடங்கு வரை கூடியது.

ஆனால் கூம்பு என்பது முன்கசிவுக்கு மிக மோசமான வடிவம். சமதளத்தில் கிளம்பும் பிளாஸ்மா வெளியே சிதறிவிடும். கூம்புக்குள் கிளம்புவது நான்கு பக்கச் சுவர்களிலிருந்தும் வந்து நடுவில் தேங்கும். குழாயில் கசடு அடைவது போல. பிறகு வரும் முக்கியத் துடிப்பு முனைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே தன் ஆற்றலைக் கொட்டிவிடும். மெக்ஃபீ குழு 2010-ல் தாமிரக் கூம்புகளில் இதை அளந்து, சிமுலேஷனோடு ஒப்பிட்டுக் காட்டியது: 100 மில்லிஜூல் முன்துடிப்பு இருந்தாலே, முன்னோக்கிப் பாய வேண்டிய 20 முதல் 40 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் இல்லாமல் போகின்றன. 100 மில்லிஜூல் என்பது ஓர் எலுமிச்சம்பழத்தை ஒரு சாண் உயரம் தூக்க ஆகிற ஆற்றல். அவ்வளவுதான். கூம்பின் வேலையே எலக்ட்ரான்களை முன்னால் அனுப்புவதுதான். அதைக் கெடுக்க அது போதும்.

இதனால்தான் இப்போதெல்லாம் ஏதாவது கட்டுரையில் "புதிய வடிவ இலக்கு, இத்தனை மடங்கு அதிகம்" என்று பார்த்தால் நான் முதலில் கான்ட்ராஸ்ட் என்ன என்று தேடுகிறேன். அடுத்து, எந்தச் சமதளத்தோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்கிறேன். ஏனென்றால் சமதளத்தின் முன்னால் கொஞ்சம் பிளாஸ்மா சரியான அளவில் விரிந்திருந்தால் அதுவும் ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒப்பிடும் ஆளே மாறிவிட்டால் மடங்குக் கணக்கும் மாறும். சிமுலேஷன் படங்களில் கம்பிகள் எல்லாம் சிப்பாய் மாதிரி விறைப்பாக நிற்கும். அந்தப் படத்தின் தொடக்க நேரத்துக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பது நம் பொறுப்பு.

முன்கசிவே இல்லாவிட்டாலும் லேசர் தானே பரப்பை மாற்றுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒளிக்கு அழுத்தம் உண்டு. வெயிலில் அது உறைப்பதில்லை. 10¹⁸ வாட் ஒளி ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் அழுத்தம் சுமார் 67 கோடி வளிமண்டலம். 10²⁰ வாட்டில் 6700 கோடி. துடிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும், சமதளமாக இருந்த இடத்தில் ஒளியே ஒரு குழியைத் தோண்டிவிடும். பிற்பாதி ஒளி சந்திப்பது அந்தக் குழியின் சுவர்களை.

துடிப்பு முடிந்ததும் அந்த இடத்தில் எதுவும் மிஞ்சாது. கிரேட்டிங்கோ, கம்பிப் புல்வெளியோ, தங்கக் கூம்போ, ஒரு சுடுதலுக்கு ஒன்று. நொடிக்குப் பத்து முறை சுடும் லேசர் இருந்தால் நொடிக்குப் பத்துப் புதிய பரப்பு வேண்டும். கிரேட்டிங்கையும் கம்பிப் புல்வெளியையும் அகலமான தகட்டில் செய்து நகர்த்திக்கொண்டே போகலாம். கூம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாகக் குறிபார்த்துப் பொருத்த வேண்டியது. பாக்டீரியா பூச்சு இந்தக் கணக்கில் தனி ரகம். தட்டில் வளர்த்துக் கண்ணாடியில் தடவினால் தீர்ந்தது, அடுத்த சுடுதலுக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் சரி.